திறந்தவெளி வகுப்பறையின் சாவி

மனிதகுலம் மரத்தடியில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்து எத்தனை ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் முறைப்படி, அனுமதியோடு, நான்கு பிரதிகளில் கையெழுத்திட்டு மரத்தடிக்குப் போன நாள் எது என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. அது மதுரை பழங்காநத்தத்தில், ஓர் உதவிபெறும் நடுநிலைப் பள்ளியில், ஜூன் மாதக் கடைசித் திங்கட்கிழமை காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு நிகழ்ந்தது. பள்ளியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்ற பள்ளிகள் பொறாமையில் வெந்துபோகும்.

அந்தப் பொன்னான நிமிடத்தில்தான் தலைமையாசிரியர் சவரியப்பன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மேலிடத்திலிருந்து வந்த சுற்றறிக்கையைப் பதினொரு ஆசிரியர்களுக்கும் உரக்கப் படித்தார்.

"'குழந்தைகள் நான்கு சுவர்களுக்குள் அடைபட்டுக் கிடக்கிறார்கள். அவர்களை இயற்கையோடு இணைக்கும் பொருட்டு, பள்ளிதோறும் தோட்டம் அமைத்து, அதனைத் திறந்தவெளி வகுப்பறையாகப் பயன்படுத்துதல் வேண்டும்.' எல்லாருக்கும் விளங்குச்சா?"

"விளங்குச்சு சார்," என்றார்கள் எல்லோரும். சுற்றறிக்கை எதைப் பற்றியதாக இருந்தாலும் அதற்குப் பதில் அதுதான்.

"அப்ப யாரு பொறுப்பு எடுத்துக்கிறீங்க?"

பத்துப் பேருக்குத் திடீரென்று கூரையில் ஏதோ வேலை வந்துவிட்டது. அண்ணாந்து பார்த்தார்கள். அறிவியல் ஆசிரியை ஹம்சவேணி மட்டும், கேட்ட செய்தியில் உண்மையிலேயே மகிழ்ந்துபோய், தலைமையாசிரியரின் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். நாட்டில் பொறுப்புகள் தகுதியானவர்களுக்கு வழங்கப்படுவது இந்த முறையில்தான்.

"ஹம்சவேணி டீச்சர் ஒருங்கிணைப்பாளர். எழுதிக்கங்க ராதாமணி," என்றார் சவரியப்பன். எழுத்தர் ராதாமணி எழுதிக்கொண்டார்.

ஹம்சவேணி மகால் பக்கத்துச் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். பன்னிரண்டு ஆண்டுகளாக அங்கே அறிவியல் நடத்துகிறார். கோபம் வந்தால் வீட்டு மொழியில்தான் முணுமுணுப்பார். பள்ளியில் அது யாருக்கும் புரியாது. பன்னிரண்டு ஆண்டுகளாக அவருடைய பணிப்பதிவேட்டில் ஒரு கரும்புள்ளியும் விழாததற்கு இதுவே காரணம் என்று ராதாமணி சொல்வதுண்டு.

இந்த இடத்தில் ஒரு வெட்கக்கேடான உண்மையை ஒப்புக்கொண்டாக வேண்டும். அந்தப் பள்ளியில் ஏற்கெனவே ஒரு தோட்டம் இருந்தது.

யாரும் போட்ட தோட்டம் இல்லை. சத்துணவுக்கூடத்தின் பின்னால், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடித் தேங்குகிற இடத்தில், எறிந்த தக்காளியும் பரங்கி விதையும் தாமாக முளைத்திருந்தன. இரண்டு பப்பாளி மரங்கள் நின்றன. ஓரமாக ஒரு முருங்கை. துப்புரவுப் பணியாளர் மாயக்காள், கழுவுகிற தண்ணீரைக் காலால் மண் அணைத்து, வேண்டிய பக்கம் திருப்பிவிடுவார். அவ்வளவுதான் பராமரிப்பு. ஹம்சவேணி ஆண்டுதோறும் வாரத்துக்கு இரண்டு நாள் ஆறாம் வகுப்பு 'பி' பிரிவுப் பிள்ளைகள் எல்லோரையும் அங்கே கூட்டிக்கொண்டு போவார். அந்த ஆண்டுப் பிள்ளைகளின் முறை இன்னும் வரவில்லை. பரங்கிப்பூவில் ஆண் எது, பெண் எது என்று பிரித்துப் பார்ப்பார்கள். தக்காளிச் செடியைப் பிடுங்கி வேரைக் கழுவி அளப்பார்கள். எந்த அனுமதியும் கிடையாது, எந்தப் படிவமும் கிடையாது, நிழற்படம்கூடக் கிடையாது. இதைக் கல்வி என்று எப்படிச் சொல்ல முடியும்? பிள்ளைகள் வெறுமனே கற்றுக்கொண்டிருந்தார்கள்.

அந்த அவலத்துக்கு முற்றுப்புள்ளி வைக்க, 'தோட்ட அமைவிடத் தேர்வுக் குழு' கூடியது. பள்ளி வளாகத்தை மூன்று முறை சுற்றி வந்து, தோட்டம் போடத் தகுந்த இடம் சத்துணவுக்கூடத்தின் பின்பக்கம்தான் என்று கண்டுபிடித்தது. அங்கே மண் நன்றாக இருக்கிறது, தண்ணீர் வருகிறது, வெயிலும் விழுகிறது. ஒரே ஒரு குறை. அங்கே செடிகள் இருக்கின்றன.

"அந்தப் புதரையெல்லாம் எடுத்துட்டாப் போதும்," என்றார் சவரியப்பன்.

"சார், அது புதரில்ல. காய்க்கிற செடி. அதையே கொஞ்சம் சீர்பண்ணி வேலி போட்டாப் போதுமே," என்றார் ஹம்சவேணி.

"டீச்சர், ஒரு அறக்கட்டளை பெருசா உதவி பண்றேன்னு வந்துருக்காங்க. அவுங்க 'முன்னாடி', 'பின்னாடி'ன்னு ரெண்டு ஃபோட்டோ கேக்குறாங்க. முன்னாடியே நல்லா இருந்தா, பின்னாடிக்கு எங்க போறது?"

இந்தத் தர்க்கத்துக்கு எதிராக உலகில் யாரும் பேச முடியாது. தவிர, ஹம்சவேணிக்கும் உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது. இன்னும் பெரிய தோட்டம். நிழல். பிள்ளைகள் உட்காரக் கல் பலகை. ஒரு மாதம் பொறுத்துக்கொண்டால் கிடைத்துவிடும். கூட்ட நோட்டில் கையெழுத்துப் போட்டார்.

ஜேசிபி வந்தது. பத்தே நிமிடத்தில் பப்பாளி இரண்டும் காயோடு சாய்ந்தன. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஆறாம் வகுப்பு ஸ்ரீவர்ஷினி, ஹம்சவேணியின் முந்தானையை இழுத்தாள்.

"டீச்சர், தோட்டம் போடுறதுக்கு எதுக்கு டீச்சர் தோட்டத்த வெட்டுறாங்க?"

"இதவிட நல்ல தோட்டம் வரும்டா."

"அதுல எங்கள விடுவாங்களா?"

"உங்களுக்குத்தான அது!" என்றார் ஹம்சவேணி. சொல்லும்போது அதை அவர் நம்பினார்.

அடுத்த கட்டம் பயிற்சி. காளவாசல் பக்கத்தில் ஒரு விடுதியின் குளிரூட்டப்பட்ட கூடத்தில், தோட்ட ஒருங்கிணைப்பாளர்கள் அறுபது பேருக்கு இரண்டு நாள் 'வெளிப்புறக் கற்றல் முகாம்' நடந்தது. பயிற்றுநர் சாய்பிரசாத், வெளிப்புறக் கல்வியில் வல்லுநர். பதினான்கு நாடுகளில், பதினான்கு கூடங்களுக்குள் அதைப் பற்றிப் பேசியவர். படம் திரையில் தெளிவாகத் தெரியவேண்டும் என்பதற்காக முதல் வேலையாகத் திரைச்சீலைகளையெல்லாம் இழுத்துவிடச் சொன்னார்.

"எல்லாரும் கண்ண மூடுங்க. இப்ப நீங்க வெளியில இருக்கீங்க. உங்க கையில மண்ணு. ஈரமான மண்ணு. ஃபீல் பண்ணுங்க."

அறுபது பேரும் கண்ணை மூடி மண்ணை உணர்ந்தார்கள். சிலர் குறட்டையும் விட்டார்கள்.

ஹம்சவேணி கையைத் தூக்கினார். "சார், வாசல்லயே மண்ணு கிடக்கு. போயித் தொட்டுட்டு வந்துரலாமா?"

"மேடம், அது செகண்ட் டே ஆக்டிவிட்டி," என்றார் சாய்பிரசாத் கனிவாக.

இரண்டாம் நாள் மழை தூறியது. மண் ஈரமாகிவிட்டபடியால் மண்ணைத் தொடும் நிகழ்ச்சி ரத்து செய்யப்பட்டு, அதற்குப் பதிலாக மண்ணைப் பற்றிய காணொலி போடப்பட்டது. எல்லோருக்கும் சான்றிதழும் பச்சைத் தொப்பியும் கொடுத்தார்கள்.

ஆகஸ்டில் தோட்டம் தயாராகிவிட்டது. இதை வர்ணிக்க இந்த எழுத்துக்குத் தகுதி போதாது. பச்சை வலை வேலி. பச்சை இரும்புக் கதவு. கதவுக்கு மேல் 'திறந்தவெளி வகுப்பறை' என்று வளைவு. அரைவட்டமாகக் கல் பலகைகள். ஒவ்வொரு செடிக்கும் தாவரவியல் பெயரோடு ஒரு பலகை. அறுபத்துநான்கு செடிகள் திறப்பு விழாவுக்கு முந்தின மாலை ஒரு வண்டியில் வந்து இறங்கின. ஒப்பந்தக்காரரின் ஆட்கள் ஒன்றரை மணி நேரத்தில் நட்டு முடித்துவிட்டார்கள். அவ்வளவு வேகமாக எப்படி நட்டார்கள் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. வியக்க மட்டும் செய்தார்கள்.

செடிகளில் பூ இல்லை என்பது ஒரு பின்னடைவு. அதைச் சவரியப்பன் தனி ஆளாகச் சமாளித்தார். விடியற்காலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கே போய் ஒரு பை நிறையச் செவ்வந்தி வாங்கிவந்து, கிளைக்கு இரண்டாகச் செருகிவிட்டார். தலைமையாசிரியர் ஒருவர் இயற்கையின் வேலையைத் தானே இழுத்துப்போட்டுச் செய்வது எளிதில் காணக்கிடைக்காதது.

விழாவுக்கு வந்த மேலதிகாரி அம்மையார் ஒரு செடியருகே நின்றார். பலகையில் 'செம்பருத்தி' என்று இருந்தது. கிளையில் மஞ்சள் செவ்வந்தி. பச்சைத் தொப்பி போட்டு வரிசையில் நின்ற ஜினோவைக் கூப்பிட்டார்.

"தம்பி, இது என்ன செடி?"

"செம்பருத்தி மேடம்."

"பூ?"

"செவ்வந்தி மேடம். நேத்து இல்ல. இன்னைக்கு வந்துருச்சு."

சவரியப்பனின் கழுத்தில் வியர்வை இறங்கியது. அம்மையார் செடியை உற்றுப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்து, "ஹைப்ரிடா!" என்றார்.

"ஆமா மேடம், புது ரகம்," என்றார் சவரியப்பன்.

அம்மையார் நாடாவை வெட்டினார். கைதட்டல் ஓய்ந்ததும் கார்கள் கிளம்பின. கடைசிக் கார் தெரு திரும்பியதும் சவரியப்பன் பையிலிருந்து பெரிய பூட்டு ஒன்றை எடுத்தார். திறந்தவெளி வகுப்பறையைத் திறந்துவைத்து, சரியாகப் பதினெட்டு நிமிடத்தில் பூட்டியும் வைத்தார்கள். சாவிகள் இரண்டு. ஒன்று தலைமையாசிரியரிடம். இன்னொன்று தண்ணீர் ஊற்றுவதற்காக மாயக்காளிடம்.

"சார், நாளைக்கு ஆறு 'பி'ய அங்க கூட்டிட்டுப் போறேன்," என்றார் ஹம்சவேணி.

"எங்க?"

"தோட்டத்துக்கு சார்."

சவரியப்பன் பதறிவிட்டார். "டீச்சர், நாப்பத்தொரு பிள்ளைங்க, எம்பத்திரெண்டு காலு! செடியெல்லாம் என்னத்துக்காகும்? மாசாமாசம் ஃபோட்டோ அனுப்பணும் டீச்சர். கொஞ்ச நாள் போகட்டும், நல்லா வேர் புடிக்கட்டும்."

செடி வேர் பிடிக்கவில்லை. ஆனால் விதிமுறைகள் நன்றாகவே வேர்பிடித்துக் கிளைவிட்டன. தோட்டத்தில் ஓடக்கூடாது. மண்ணைத் தொடக்கூடாது. இலையைப் பறிக்கக்கூடாது. வெயிலில் போகக்கூடாது, மழையில் போகக்கூடாது. வெயிலும் மழையும் இல்லாத நேரத்தில் வகுப்பு நடப்பதால் அப்போதும் போகக்கூடாது. தோட்டத்தில் விதைகள் எட்டு வகை. விதிகள் பதினேழு.

அப்படியானால் திறந்தவெளிக் கல்வி நடக்க வேண்டாமா? நடந்தது. அறக்கட்டளை அதற்கும் வழி செய்திருந்தது. தோட்டத்தின் நான்கு மூலைகளிலும் கேமரா பொருத்தி, அதை வகுப்பறைத் திரையோடு இணைத்துவிட்டார்கள். வாரத்துக்கு இரண்டு பாடவேளை ஆறு 'பி' பிள்ளைகள், திரையில் வெளிச்சம் விழாமலிருக்கச் சன்னலைச் சாத்திக்கொண்டு, முப்பது அடி தூரத்திலிருந்த தோட்டத்தை நேரலையில் கண்டு களித்தார்கள். இதைப் பார்ப்பதற்கென்றே பக்கத்து ஊர்ப் பள்ளிகளிலிருந்து ஆசிரியர்கள் வந்துபோனார்கள்.

ஒரு நாள் திரையில் ஒரு வண்ணத்துப்பூச்சி பறந்தது. பிள்ளைகள் 'ஓ'வென்று கத்தி, எழுந்து ஓடிப்போய்ச் சன்னலைத் திறந்துவிட்டார்கள். பார்வையிட வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்த சாய்பிரசாத் எழுந்து நின்றார்.

"அங்க இல்ல குட்டீஸ், இங்க! இதுலதான் க்ளியரா தெரியும்."

பிள்ளைகள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். அதற்குள் வண்ணத்துப்பூச்சி இரண்டு இடத்திலிருந்தும் போய்விட்டது. ஹம்சவேணி கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று, வீட்டு மொழியில் ஏதோ முணுமுணுத்தார். சாய்பிரசாத் அதைத் தாவரவியல் பெயர் என்று நினைத்துக் குறித்துக்கொள்ளப் பார்த்தார். எழுத்துக்கூட்டல் தெரியாமல் விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கதவு திறக்கும். பச்சைத் தொப்பி அணிந்த பன்னிரண்டு பிள்ளைகள், துவைத்த சீருடையோடு உள்ளே போய், பூவாளியைச் செடிமேல் சாய்த்துப் பிடிப்பார்கள். பூவாளியில் தண்ணீர் இருக்காது. இருந்தால் காலணி நனையும். சவரியப்பன் நான்கு படம் எடுப்பார். பிள்ளைகள் வெளியே வருவார்கள். பூட்டு.

அக்டோபரில் செடிகள் மஞ்சளடிக்க ஆரம்பித்தன. நட்ட உயரத்திலேயே நின்றன.

"என்னமோ சரியில்ல டீச்சரம்மா," என்றார் மாயக்காள். "எம்புட்டுத் தண்ணி ஊத்துனாலும் உள்ள எறங்க மாட்டேங்குது. மேலயே நின்னு வழிஞ்சு போகுது. பெரிய சார்ட்ட சொன்னேன். 'ஊத்துறது மட்டும் ஒன் வேலை'ங்கிறாரு."

ஹம்சவேணி போய்ச் சொன்னார். சவரியப்பன் கைபேசியை எடுத்துக் காட்டினார். "மஞ்சளாவா இருக்கு? எங்க, இதுல பாருங்க. ஃபில்டர் போட்டேன். எம்புட்டுப் பச்சை!"

உண்மைதான். கைபேசியில் தோட்டம் செழித்துக்கொண்டிருந்தது.

டிசம்பர் முதல் வாரம், தாவரத்தின் பாகங்கள் பாடம் முடிந்ததும், ஒரு முழுச் செடியை வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொன்னார் ஹம்சவேணி. மாலையில் நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தார். முதல் நோட்டில் தண்டு, இலை, பூ எல்லாம் அழகாக இருந்தன. தண்டு தரையைத் தொட்ட இடத்தில் படம் முடிந்துவிட்டது. இரண்டாவது நோட்டிலும் அப்படியே. ஏழெட்டு நோட்டுகளில் செடி முழுக்கக் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தது. அது பச்சை வலை. ஸ்ரீவர்ஷினியின் படத்தில் மேல் மூலையில் தேதியும் நேரமும்கூட இருந்தன, கேமராவில் வருவதுபோல.

மறுநாள் அவளைக் கூப்பிட்டார். "வேர் எங்கடா?"

"தெரியல டீச்சர்."

"போன வருசம் உங்க அக்கா செட்டு பிடுங்கி அளந்துச்சே. நீகூட சன்னல்ல நின்னு பாத்தியே. நல்லா யோசி. செடிக்குக் கீழ என்ன இருக்கும்?"

ஸ்ரீவர்ஷினி யோசித்தாள். "கேமரால தெரியறது மட்டுந்தான் வரைஞ்சேன் டீச்சர். கீழ ஒண்ணும் தெரியல."

தப்பு அந்தப் பிள்ளைமேல் இல்லை. தன் கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும் என்று அறிவியல் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததே ஹம்சவேணிதான். பப்பாளி மரம் சாய்ந்தபோது தான் கையெழுத்துப் போட்டதும் அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது. நாற்பத்தொரு நோட்டிலும் ஒரு வேர்கூட இல்லை.

தலைமையாசிரியர் அறைக்குப் போனார்.

"சார், ஒரே ஒரு பீரியடு. சாவி குடுங்க."

"'வெளிப்புற வகுப்பு அனுமதிப் படிவம்' இருக்குல்ல டீச்சர். ஏழு நாள் முன்னாடி குடுக்கணும். பெற்றோர் சம்மதம் நாப்பத்தொண்ணும் இணைக்கணும். என்ன காரணத்துக்காக?"

"வேர் பாக்கணும் சார்."

"வேரா? வேரெல்லாம் திட்டத்துலயே இல்லையே டீச்சர்! மேல தெரியறதுக்குத்தான் மார்க்கு."

ஹம்சவேணி சளைக்காமல் நாற்பத்தொரு சம்மதக் கடிதங்களையும் வாங்கி, படிவத்தை நிரப்பி, ஏழு நாள் காத்திருந்தார். எட்டாம் நாள் படிவம் திரும்பி வந்தது. 'நோக்கம்' என்ற இடத்தில் அவர் 'கற்றல்' என்று எழுதியிருந்தார். அதைச் சிவப்பு மையால் சுழித்து, 'தோட்டத்தின் பயன்பாட்டுக்குத் தொடர்பில்லாதது' என்று குறிப்பு எழுதப்பட்டிருந்தது.

அடுத்த வியாழக்கிழமை சவரியப்பன் பள்ளியில் இல்லை. மாவட்டத்தின் 'சிறந்த திறந்தவெளி வகுப்பறை' விருதுக்கு இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகியிருந்ததால், கோப்புகளோடும் ராதாமணியோடும் காளவாசல் விடுதிக் கூடத்துக்குப் போயிருந்தார்.

காலை பதினொரு மணிக்கு ஹம்சவேணி மாயக்காளிடம் வந்தார். "அக்கா, சாவி."

மாயக்காள் அவர் முகத்தைப் பார்த்தார். "பெரிய சார் வைவாரே டீச்சரம்மா."

"நான் புடுங்கிட்டேன்னு சொல்லிருங்க."

"புடுங்குறதாச்சு!" மாயக்காள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார். "நானும் வாரேன். கடப்பாரை வேணுமா, மம்பட்டி வேணுமா?"

நாற்பத்தொரு பிள்ளைகளும் கதவுக்குள் நுழைந்து, கல் பலகைகளுக்குப் பக்கத்தில் சத்தமே போடாமல் நின்றார்கள். நான்கு மாதம் திரையில் பார்த்த இடம். எதைத் தொடலாம் என்று தெரியவில்லை.

"எல்லாத்தையும் தொடலாம்," என்றார் ஹம்சவேணி.

அதற்குப் பிறகு சத்தத்துக்குக் குறைவில்லை. செம்பருத்திச் செடியைச் சுற்றி மண்ணைத் தோண்டச் சொன்னார். ஜினோ கையாலேயே தோண்டினான். ஒரு சாண் ஆழத்தில் விரல் வழுக்கியது.

"டீச்சர், வேர் கறுப்பா இருக்கு!"

"கறுப்பாவா?"

"ஆமா டீச்சர். வழுவழுன்னு இருக்கு. 'ஐஎஸ்ஐ'னு எழுதிருக்கு."

ஹம்சவேணி குனிந்து பார்த்தார். கறுப்பு பிளாஸ்டிக் கவர். நர்சரியிலிருந்து வந்த கவரைக்கூடக் கிழிக்காமல், ஒப்பந்தக்காரரின் ஆட்கள் அப்படியே குழிக்குள் இறக்கி மண்ணைத் தள்ளியிருந்தார்கள். ஒன்றரை மணி நேரத்தில் அறுபத்துநான்கு செடி நட்ட ரகசியம் அதுதான். பக்கத்துச் செடியைத் தோண்டினார்கள். அதிலும் கவர். அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாவற்றிலும். கவரைக் கிழித்தால், போக வழியில்லாத வேர்கள் உள்ளுக்குள்ளேயே வட்டம் வட்டமாகச் சுற்றி, சும்மாடுபோல இறுகிக் கிடந்தன. அவற்றில் ஈரமே இல்லை.

"அய்யோ பாவம் டீச்சர், இதுக்கு மூச்சு முட்டாதா?" என்று கேட்டாள் ஸ்ரீவர்ஷினி.

"முட்டும். நாலு மாசமா முட்டிருக்கு. யாரும் தொட்டுப் பாக்கல." ஹம்சவேணி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டார். "வாங்க, எல்லாத்தையும் எடுத்துருவோம்."

மாயக்காள் மண்வெட்டியால் குழியை அகலப்படுத்தினார். பிள்ளைகள் கவரைக் கிழித்தார்கள், சுற்றிய வேரை விரலால் நீவிப் பிரித்தார்கள், மறுபடியும் மண்ணில் வைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். ஊற்றிய தண்ணீர் உறிஞ்சிக்கொண்டு உள்ளே இறங்கியபோது மாயக்காள் கைதட்டினார். ஒரு மண்புழு வந்ததற்கு நாற்பத்தொரு பேரும் அளித்த வரவேற்பு, திறப்பு விழாவில் மேலதிகாரி அம்மையாருக்குக் கிடைத்ததைவிடச் சற்றுப் பெரியது.

அதே நேரத்தில் காளவாசல் கூடத்தில் நடந்ததைப் பிற்பாடு ராதாமணி சொல்லித்தான் ஹம்சவேணிக்குத் தெரியும்.

சவரியப்பன் மேடையில் நின்று, தன் பள்ளித் தோட்டத்தின் தூய்மையை விளக்கிக்கொண்டிருந்தார். "நாலு மாசத்துல ஒரு இலைகூட மிதிபடல மேடம். சந்தேகம் இருந்தா இப்பவே நேரலையில பாருங்க!" என்று சொல்லி, பெரிய திரையைப் பெருமிதத்தோடு காட்டினார்.

திரையில் ஆறு 'பி' இருந்தது. முழங்கை வரை சேறு. செடிகள் வேரோடு தரையில் படுத்திருந்தன. ஜினோ கேமராவுக்கு மிக அருகில் வந்து, எதையோ கையில் பிடித்துக் காட்டிச் சிரித்தான். மண்புழு.

சவரியப்பனின் கை நாற்காலியைத் தேடியது.

"சவரியப்பன் சார்!" என்றார் மேலதிகாரி அம்மையார். "பிள்ளைங்க தோட்டத்துக்குள்ள இருக்காங்க!"

"மேடம்... அது வந்து... யாரோ கவனிக்காம..."

அப்போது முன்வரிசையில் சாய்பிரசாத் துள்ளி எழுந்தார். "மேடம், இதுதான் இம்மெர்ஷன், முழுசா மூழ்கிக் கத்துக்கிறது! நான் ட்ரெயினிங்ல சொன்னேனே! இந்தியாவுலயே யாரும் இத பண்ணினதில்ல!"

அம்மையார் கைதட்டினார். அம்மையார் தட்டியதால் கூடமே தட்டியது. நாற்காலியைத் தேடிய கை மெல்ல மேலே ஏறிக் கும்பிட்டது.

"எல்லாம் நம்ம நெடுநாள் திட்டந்தான் மேடம்," என்றார் சவரியப்பன்.

முதல் பரிசு. கேடயத்தோடு பள்ளிக்குத் திரும்பிய சவரியப்பன் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, உட்கார்ந்து ஹம்சவேணிக்கு ஒரு குறிப்பாணை எழுதினார். இதில் முரண்பாடு ஏதுமில்லை. நற்பெயர் பள்ளிக்கு வரும், விளக்கம் கேட்பது ஆளுக்குப் போகும். நிர்வாகம் என்பது அந்தப் பங்கீடுதான்.

கேள்விகள் மூன்று. ஒன்று, திறந்தவெளி வகுப்பறையை அனுமதியின்றித் திறந்தது ஏன்? இரண்டு, மாணவர்கள் மண்ணைத் தொட அனுமதித்தது ஏன்? மூன்று, இருப்புப் பதிவேட்டில் 'செடி 64, கவருடன்' என்று உள்ளது. தற்போது செடி மட்டுமே உள்ளது. கவர்கள் எங்கே? ஏழு நாட்களுக்குள் பதில் தரவும்.

பன்னிரண்டு ஆண்டில் முதல் குறிப்பாணை. பதவி உயர்வுப் பட்டியல் வருகிற மாதம். மன்னிப்புக் கேட்டு இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிடலாம் என்று ராதாமணி சொன்னார். ஹம்சவேணியும் அப்படித்தான் நினைத்து ஆறு நாட்களைக் கடத்தினார். கதவில் இப்போது புதுப் பூட்டு, ஒரே சாவி. மாயக்காளை மாடிப் படிக்கட்டு கூட்டுகிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். பிள்ளைகள் மறுபடி சன்னலைச் சாத்திக்கொண்டு திரையைப் பார்த்தார்கள்.

ஏழாம் நாள் காலை ஸ்ரீவர்ஷினி திரைக்கு மிக அருகில் போய் நின்று கத்தினாள். "டீச்சர், செம்பருத்தில துளிர்!" நாற்பத்தொரு பேரும் திரைக்கு ஓடினார்கள். கைதட்டினார்கள். ஒருவர்கூடச் சன்னல் பக்கம் திரும்பவில்லை. பழகிவிட்டது.

அதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஹம்சவேணி இந்த முறை முணுமுணுக்கவில்லை. இடைவேளையில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, எல்லோருக்கும் புரிகிற நல்ல தமிழில் எழுதினார்.

'ஐயா,

ஒன்று: திறந்தவெளி வகுப்பறையைத் திறந்தது உண்மை. பூட்டியிருந்தபடியால் திறக்க நேர்ந்தது.

இரண்டு: மாணவர்கள் மண்ணைத் தொட்டது உண்மை. மண்ணும் அவர்களைத் தொட்டது. இருதரப்பிலும் புகார் இல்லை.

மூன்று: கவர்கள் அறுபத்துநான்கும் கழுவிக் காயவைத்து அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட்டன. அவற்றுக்குள் இருந்தவை தற்போது துளிர்விடத் தொடங்கியுள்ளன. கவருக்குள் வைத்து வளர்க்கப்படும் மீதி நாற்பத்தொன்றும், ஆறாம் வகுப்பு 'பி' பிரிவில், சன்னல் சாத்திய நிலையில் பத்திரமாக உள்ளன என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'

சவரியப்பன் அதை இரண்டு முறை படித்தார். எண்களைச் சரிபார்த்தார். அவர் முகத்தில் நிம்மதி பரவியது.

"டீச்சர் நல்லாத்தான் பதில் எழுதிருக்காங்க. ராதாமணி, இங்க வாங்கம்மா. கவர் அறுபத்திநாலும் வந்துருச்சு. இன்னும் நாப்பத்தொண்ணு ஆறு 'பி'ல இருக்காம்ல. நமக்குத் தெரியவே இல்ல பாருங்க. அதையும் ஸ்டாக்குல ஏத்திருங்க."

ராதாமணி அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு பதிவேட்டைத் திறந்து, நிறுத்தி நிதானமாக, அழகான கையெழுத்தில் ஏற்றினார்:

'இருப்பு: 41. இடம்: ஆறாம் வகுப்பு பி. நிலை: இன்னும் திறக்கப்படவில்லை.'